படுக்க வச்சு அளந்தான்

எத்தனை அடின்னா கேட்டீங்க? அண்ணே, பாத்தா நல்ல மனுசரா இருக்கீங்க. என் முழங்கால் உங்க முழங்காலை இடிக்குது, அதையும் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. வேற எது வேணாலும் கேளுங்க. சம்பளம் கேளுங்க, முப்பத்தி மூணு வயசாகி ஏன் இன்னும் கல்யாணம் ஆகலைன்னு கேளுங்க. உயரத்தை மட்டும் கேக்காதீங்க. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் காது சூடாகுது.

இல்ல இல்ல, உங்க மேல கோவம் இல்ல. உங்க மேல எனக்கென்ன கோவம்? கோவமெல்லாம் ஒரே ஒருத்தன் மேலதான். பிலிப்பைன்ஸ்காரன். பேரு நால்டோ. நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, அவன் செஞ்சது அடுக்குமான்னு. பஸ் இப்பத்தானே ஆரப்பாளையத்தை விட்டுக் கிளம்புது. ஆண்டிபட்டியிலதானே இறங்கணும்? நேரம் கெடக்கு.

குவைத்துல ஒரு தகரக் கம்பெனி. பெரிய கட்டடத்துக்குள்ள ஏசி காத்து போறதுக்குச் சதுரமா குழாய் போட்டிருப்பாய்ங்கள்ல, அது செய்யிற கம்பெனி. நான் அங்க குடோன்ல பெட்டி ஏத்தி இறக்குற வேலை. நால்டோ குடோன் சூப்பர்வைசர். என்னைய விட ஒம்பது பத்து வயசு மூப்பு. வலது கால் முழங்கால் மடங்காது, லேசா இழுத்து இழுத்துத்தான் நடப்பான். மொத ஆறு மாசம் அவனுக்கு என் பேரே தெரியாது. யாருக்குமே தெரியாது. "இந்தியா, இங்க வா", "இந்தியா, அதைத் தூக்கு". அம்புட்டுத்தான் நான்.

ஒருநாள் மேல் ரேக்குல இருந்து ஒரு பெட்டி சரிஞ்சு விழுந்துச்சு. நான் எம்பி ஒத்தைக் கையில பிடிச்சேன். பிடிச்ச வேகத்துல இடுப்புக்குக் கொண்டாந்து, ஒத்தைக் காலை ஊனித் திரும்பி, அந்தப் பக்கம் நின்னவன் கையில பாஸ் குடுத்துட்டேன். யோசிக்கவே இல்ல, கை தானாச் செஞ்சுச்சு. நால்டோ பேனாவைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்தான். "நீ பாஸ்கெட்பால் ஆடினவன்"ங்கிறான். கேக்கல, சொல்றான்.

ஆடினவனாவா? தேனிக்கு அந்தப் பக்கம் எங்க ஊர்ல கோடையில டோர்னமென்ட் நடந்தா, கம்பு கட்டி கேலரி போட்டு ஊரே உக்காந்திருக்கும்ணே. அந்தக் கோர்ட்டுல நான் சென்டர். காலேஜ் டீமுக்கும் நான்தான் சென்டர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைச்சிருக்கணும், கிடைக்கல. அது தனிக் கதை. அதுக்கு வேற ஒருத்தன் மேல கோவம். அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோம்.

இந்த பிலிப்பைன்ஸ்காரங்களுக்கு பாஸ்கெட்பால்னா உசிரு. நமக்கு கிரிக்கெட்டுன்னு வைங்க, அதுக்கும் மேல. நம்ம தோளுக்குத்தான் வருவாய்ங்க, ஆனா ஆடுறதைப் பாத்தா மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமையானா ஒரு பள்ளிக்கூடத்து உள் அரங்கை வாடகைக்கு எடுத்து லீக் நடத்துவாய்ங்க. கம்பெனிக்கு ஒரு டீமு. டீமுக்கு ஒரு வெளிநாட்டுக்காரனைச் சேத்துக்கலாம். அவனுக்குப் பேரு "இம்போர்ட்". ஆனா ஒரு ரூல். இம்போர்ட் ஆறடி ரெண்டு அங்குலத்துக்கு மேல இருக்கக் கூடாது. ஏன்னா, நெட்டையா ஒருத்தனை நிறுத்திட்டா மத்தவன் என்னத்துக்கு ஆடுறது?

நான் ஆறடி மூணு. சொல்லிட்டேன் பாருங்க, போதுமா?

நால்டோ எங்க கம்பெனி டீமுக்குக் கோச். அவன் ஊர்ல பெரிய டீம்ல ஒரு சீசன் ஆடினவன்ணே. டிவியில வந்தவன். முழங்கால் போன பெறகுதான் குவைத்துக்கு வந்து பெட்டி எண்ணினான். ஆனா கோச்சா நின்னான்னா, கண்ணு ரெண்டும் வேற மாதிரி ஆயிரும். எனக்கு இருக்கிற பத்துக் கெட்ட பழக்கத்துல எட்டை அவன்தான் மாத்தினான். கோர்ட்டுல சொல்றேன். நான் அவனைக் "கூயா"ன்னு கூப்பிடுவேன். அவங்க பாசையில அண்ணன்னு அர்த்தம். சும்மா வாய் வார்த்தைக்கு இல்ல. மனசாரத்தான் கூப்பிட்டேன். அதான் எரியுது.

அந்த ஒரு அங்குலத்தை மறைக்கச் சொல்லிக் குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? அவனேதான்! அளக்கிறதுக்கு மொத நா ராத்திரி ஷிப்ட்டு போட்டுட்டான். விடிய விடியப் பாரம் தூக்கினா முதுகெலும்பு அமுங்கி ஆளு கொஞ்சம் குறையுமாம். பெறகு முழங்காலுக்குக் கீழ தொங்குற மாதிரி ஒரு நிக்கர் வாங்கிக் குடுத்தான். உள்ளுக்குள்ள முழங்காலை லேசா மடக்கணும், தொடை ஆடக் கூடாது, முகத்துல சிரிப்பு இருக்கணும். குடோனுக்குப் பின்னாடி ஒரு வாரம் பழக்கினான்ணே என்னைய! "மடக்கு. இன்னும் கொஞ்சம். மூச்சை விடு. இப்பச் சிரி." சாமி சத்தியமா, ப்ரீ த்ரோ கூட இம்புட்டுப் பழகினதில்ல.

அளந்தாய்ங்க. ஆறடி ரெண்டு. உள்ள போயிட்டேன்.

மொத வருசம் கப்பு. ரெண்டாம் வருசமும் கப்பு. ஃபைனல்ல நான் போட்ட பாயின்ட்டை வேணும்னா அந்த ஊர்ல எவனை வேணாலும் நிறுத்திக் கேளுங்க. அதுக்கப்புறம் எவன் என்னைய இந்தியான்னு கூப்பிட்டான்? மளிகைக் கடையில நின்னா, "இம்போர்ட்! இம்போர்ட்!"னு பிலிப்பைன்ஸ் பொம்பளைப் பிள்ளைக ஓடியாந்து போட்டோ எடுக்கும். எங்க மேனேஜர், எகிப்துக்காரன், யாருக்கும் வணக்கம் சொல்லாதவன், என் தோளைத் தட்டிட்டுப் போவான். கேம்ப்ல ஏசிக்கு நேரா இருந்த கட்டிலை ஒருத்தன் காலி பண்ணிக் குடுத்தான். நான் கேக்கவே இல்ல.

லீக் ஆரம்பிக்கிற அன்னைக்கு அங்க ஊர்வலம் போவாய்ங்க. ஒவ்வொரு டீமுக்கும் முன்னாடி அழகான ஒரு பொண்ணு, தோள்ல பட்டை மாட்டிக்கிட்டு நடந்து வரும். அது டீமோட ராசிப் பொண்ணு மாதிரி. எங்க டீமுக்கு ஜோவெலின்னு ஒரு நர்ஸு. அது என் கையைக் கோத்துக்கிட்டு நடந்த போட்டோவை எவனோ வாட்ஸப்புல விட, எங்கம்மா ஊர்ல ஒப்பாரியே வச்சுருச்சு, மகன் சப்பைமூக்குக்காரியைக் கட்டிக்கிட்டான்னு. நான் போன்ல ஒரு வாரம் சத்தியம் பண்ணினேன். சிரிக்காதீங்க. உள்ளுக்குள்ள எனக்குப் பெருமைதான், ஒத்துக்கிறேன்.

மூணாம் வருசம் வந்துச்சு வினை. லீக்கை நடத்திக்கிட்டிருந்த பெரியவர் கனடாவுக்குப் போயிட்டாரு. அந்தப் பதவிக்கு அவங்க "கமிஷனர்"னு சொல்லுவாய்ங்க. போலீஸ் இல்ல, லீக்கை நடத்துற ஆளு. ரூலு, ரெஃப்ரி, எல்லாம் அவர் கையில. எல்லா டீமும் கூடிப் பேசி, நால்டோவைக் கமிஷனர் ஆக்கிட்டாய்ங்க. எங்க டீம் கோச் வேலையை வேற ஒருத்தன்கிட்டக் குடுத்துட்டு அவன் மேல போயிட்டான்.

எனக்கு எம்புட்டு சந்தோசம்னு நினைக்கிறீங்க! நம்மாளு மேல உக்காந்துட்டான், இனி நமக்கென்ன கவலை? கேம்ப்புக்கே டீ வாங்கிக் குடுத்தேன். ஊர்ல இருந்து வந்தவன்கிட்டச் சொல்லி அல்வா வரவழைச்சு அவன் கையில குடுத்தேன். சாப்பிட்டான்ணே. நல்லாச் சாப்பிட்டான்.

சீசனுக்கு முந்தின வாரம் என்னையக் கேன்டீனுக்குக் கூப்பிட்டான். ரெண்டு டீ வாங்கி எதிர்ல வச்சான். அவன் பேசுறது இங்கிலீசும் இந்தியும் கலந்த கம்பெனிப் பாசை, நான் தமிழ்ல சொல்றேன். "இந்த வருசம் நீ பேர் குடுக்காத. உன்னைய என்னால உள்ள விட முடியாது"ன்னான்.

நான் சிரிச்சேன். "சரிங்க கூயா"ன்னேன்.

"நிஜமாத்தான் சொல்றேன்"ன்னான்.

"புரியுது கூயா, புரியுது"ன்னேன்.

அண்ணே, நீங்களே சொல்லுங்க. நம்ம பக்கம் ஒருத்தன் பதவிக்கு வந்தா, மொதல்ல முடியாதுன்னுதானே சொல்லுவான்? அது ஒரு மரியாதை. எடுத்த எடுப்புலயே சரின்னுட்டா அந்தப் பதவிக்கு என்ன மதிப்பு? பந்தியில போதும்னு இலையை மறைக்கிறவங்க கையை விலக்கிட்டுத்தானே நாம ரசம் ஊத்துறோம்? அவனும் அப்பிடித்தான் சொல்றான்னு நினைச்சேன். ஊருக்காகச் சொல்றான், பக்கத்து மேசையில ஆள் இருக்கு, அதனால சொல்றான். பாவி, நிஜமாவே சொல்லியிருக்கான்! முடியாதுன்னா முடியாதுன்னு அர்த்தமாம். எந்த ஊர்ல இப்பிடி இருக்கு?

நான் பேர் குடுத்தேன். அளக்கிறதுக்கு மொத நா நானா கேட்டு ராத்திரி ஷிப்ட்டு வாங்கிப் பாரம் தூக்கினேன். அதே நிக்கரை மாட்டிக்கிட்டுப் போயி நின்னேன். அரங்கு முழுக்கக் கூட்டம். எல்லா டீமும் ஊர்வலத்துக்கு வரிசையில நிக்குது. ஜோவெலின் பட்டை மாட்டிக்கிட்டு என்னையப் பாத்துக் கையாட்டுது. மத்த டீம் இம்போர்ட்டும் நிக்கிறாய்ங்க, ஒரு லெபனான்காரன், ஒரு நைஜீரியாக்காரன், இன்னும் சில பேரு. சுவத்துல அளவு கோடு இருக்கும்னு பாத்தா, காணோம். தரையில ஒரு அட்டையை விரிச்சிருக்கு.

"படு"ங்கிறான்.

எல்லாரையும்தான் படுக்கச் சொன்னான், இல்லைங்கல. ஆனா மொதல்ல யாரு? நானு. குதிகாலைச் சுவத்துல ஒட்டி, மல்லாக்கப் படுக்கணும். படுத்துக்கிட்டு எவனால முழங்காலை மடக்க முடியும்? மடக்கினாக் கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குமே! எல்லா வித்தையும் தெரிஞ்சவன்ல? அதுக்குன்னே யோசிச்சிருக்கான். பொணத்தைப் படுக்க வச்சு அளக்கிற மாதிரி, ஆயிரம் பேர் முன்னாடி, நான் மேல எரியிற லைட்டைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன்.

வேற ஆளை விட்டு அளக்கச் சொல்லியிருக்கலாம்ல? அதுவும் இல்ல. அவனே வந்தான். அந்த மடங்காத காலை நீட்டிக்கிட்டு, ஒத்தைக் கையை ஊனி, முக்கி முனகித் தரையில உக்காந்தான். என் தலை உச்சியில பலகையை வச்சு அழுத்தினான். டேப்பைப் பிடிச்சான். சத்தமா வாசிச்சான். ஆறடி மூணேகால். விடிய விடியப் பாரம் தூக்கியும் மூணேகால்! படுத்தா ஆளு நீளுமாம், அது எனக்கு எப்பிடித் தெரியும்?

எந்திரிக்கும்போது அவனால முடியல. என்னையப் பாத்து கையை நீட்டினான். நான் குடுக்கல. குடுப்பேனா? என் பாட்டுக்கு எந்திரிச்சு நின்னேன். லெபனான்காரன் வந்து தூக்கிவிட்டான்.

அதோட விட்டானா? மைக்கைக் கேட்டு வாங்கினான். அவங்க பாசையில பேசினான். பெறகு எனக்குப் புரியணும்னு இங்கிலீசுலயும் சொன்னான். "இவன் மேல தப்பு இல்ல. காலை மடக்கச் சொல்லிக் குடுத்தது நான். ஒரு வாரம் பழக்கினதும் நான். போன ரெண்டு வருசக் கப்பும் நேர்மையா ஜெயிச்சது இல்ல. கோச்சா இருந்தவன் நான், அதனால நானே திருப்பிக் குடுக்கிறேன். என்னையக் கமிஷனரா வச்சுக்கிறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க."

என்ன பண்ணினாய்ங்கன்னு நினைக்கிறீங்க? கை தட்டினாய்ங்க! தோத்த டீம்காரன் தட்டினா நியாயம். எங்க டீம்காரனும் தட்டுறான்! ரெண்டு கப்பும் போச்சு, நான் போட்ட அத்தனை பாயின்ட்டும் போச்சு, இவனுக கண்ணைத் தொடச்சுக்கிட்டுக் கை தட்டுறாய்ங்க.

எவன்டா உன்னைய உண்மையைச் சொல்லச் சொன்னது? இந்த வருசம் வேண்டாம்னா வேண்டாம், சரி, ஒதுங்கிக்கிறேன். பழசை எதுக்குக் கிளறணும்? என் தப்பு இல்லையாம். என் தப்பு இல்லைன்னு சொல்ல அவன் யாரு? மடக்கினது என் முழங்காலுதானே! நான் என்ன கைக்குழந்தையா? அம்புட்டு பேர் முன்னாடி என்னைய ஒண்ணுந் தெரியாத பயலாக்கிட்டான்ணே. இம்போர்ட்டா இருந்தவன் அந்த நிமிசமே மறுபடி இந்தியா ஆயிட்டேன்.

இல்லண்ணே, யாரும் கேலி பண்ணல. பண்ணியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். எல்லாரும் பாவமாப் பாத்தாய்ங்க. கட்டிலைக் கூடத் திருப்பிக் கேக்கல. நானா போயி என் பழைய கட்டில்ல படுத்துக்கிட்டேன்.

மறுவாரம் வந்து நிக்கிறான், ரெஃப்ரி கோர்ஸ் ஒண்ணு நடத்தப் போறேன், நீ வா, உனக்கு ஆட்டம் புரியுது, நல்லா வருவேன்னு. விசில் ஊதவா நான் கடல் தாண்டிப் போனேன்? முகத்தைக்கூடப் பாக்கல. தினமும் கேன்டீன்ல ரெண்டு டீ வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். ஒண்ணு ஆறிப்போயிக் கெடக்கும். கெடக்கட்டும். அந்த சீசன் முடியறதுக்குள்ள வேலையை விட்டுட்டு ஊரு வந்து சேந்துட்டேன். இன்னைக்கும் போன் பண்றான், எடுக்கிறதில்ல.

இப்பவா? இப்ப ஊர்ல எங்க கிளப்புக்கு இணைச் செயலாளர். நான் கேக்கல, வேண்டாம்னுதான் சொன்னேன். நம்ம ஊருல்ல, வேண்டாம்னா விடுவாய்ங்களா? டோர்னமென்ட்டு வேலை, சின்னப் பிள்ளைக டீம் செலக்சன், எல்லாம் என் தலையில. மேல கெடக்குதே சாக்கு மூட்டை, அது கூடைக்கு வலை. மதுரையில வாங்கிட்டுப் போறேன். இந்த வருசம் பதினாறு வயசுக்கு உட்பட்ட பொம்பளைப் பிள்ளைக டீமு பிரமாதமா இருக்கும். ஞாயித்துக்கிழமை செலக்சன்.

அப்பிடியா? உங்க அண்ணன் மகளா? அட, இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா! எந்த எடத்துல ஆடுது, கார்டா? இடது கையா? இடது கை ஆட்டக்காரப் பிள்ளையைத்தானே நான் ஊர் ஊராத் தேடிக்கிட்டிருக்கேன். கூட்டியாங்கண்ணே, காலையில வெள்ளனமே கூட்டியாங்க.

என்னது, மூணு மாசம் கூடவா? பதினாறு முடிஞ்சு மூணு மாசமா?

பள்ளிக்கூடத்துல சொல்லி மாத்திக்கலாமா? எதை மாத்துறது? பிறந்த தேதியையா? மூணு மாசம்தானேங்கிறீங்க. நீங்க உள்ள இருக்கும்போது எங்களுக்கென்ன கவலைங்கிறீங்க. அண்ணே, என்ன பேச்சு பேசுறீங்க? இப்பத்தான பழகினோம், அதுக்குள்ள இப்பிடிக் கேக்கலாமா? முடியாது. சும்மா பேச்சுக்குச் சொல்லல, நிஜமாத்தான் சொல்றேன். முடியாது!

இன்னைக்கு நான் விட்டுருவேன். பிள்ளை ஆடும், ஜெயிக்கும், ஊரே தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடும். ரெண்டு வருசம் கழிச்சு எவனோ ஒருத்தன் மாநில டீம்ல நிறுத்தி வச்சு, அத்தனை பேர் முன்னாடி வெளிய போம்மான்னு சொல்லுவான். அன்னைக்கு அந்தப் பிள்ளை எங்க போயி முகத்தை வைக்கும்? யாரைத் திட்டும்? வெளிய அனுப்பினவனைத் திட்டி என்ன ஆகப்போகுது, அவன் வேலையை அவன் பாத்தான். தெரிஞ்சே உள்ள விட்டான் பாருங்க, அவனைத்தான் செருப்பால அடிக்கணும்.

யாரு, நால்டோவா? அவனை எதுக்கு இப்ப இதுக்குள்ள இழுக்குறீங்க? அது வேற, இது வேற. எப்பிடி வேறன்னா... வேறதான். அது உயரம், இது வயசு. அதை விடுங்க.

நான் சொல்றதைக் கேளுங்கண்ணே. பெரிய பொண்ணுக டீமு ஒண்ணு இருக்கு, அதுல வயசுக் கணக்கு இல்ல. அங்க கூட்டியாங்க. மொத வருசம் பெஞ்சுலதான் உக்காரும், பரவாயில்ல. நானே நின்னு சொல்லிக் குடுக்கிறேன். நல்லா வரும் அந்தப் பிள்ளை. நம்பிக் கூட்டியாங்க.

என்ன, பையை எடுக்குறீங்க? ஆண்டிபட்டி இன்னும் வரலையே. கணவாயே இன்னும் ஏறல. முன்னாடி சீட்டு காலியா இருக்குன்னா போறீங்க? என் மேல என்னண்ணே கோவம்? நானா அந்தப் பிள்ளையை மூணு மாசம் முந்திப் பெத்தேன்? இருக்கிறதைத்தானே சொன்னேன்? மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொன்னா அது ஒரு குத்தமா?

அண்ணே. இங்க திரும்புங்கண்ணே. ஒரு டீயாவது வாங்கித் தர்றேன், உசிலம்பட்டியில நிக்கும்.